ஆறு கட்டத்துக்கு ஒரு தூண்

வேணாம்ணே, நீங்க சாப்பிடுங்க. நான் சாப்பிட்டுத்தான் பஸ் ஏறுனேன். முறுக்கு நல்லா மணக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா வயித்துல இடமில்ல.

இந்தப் பை உங்க கால்ல இடிக்குதா? இருங்க, மடியில வச்சுக்கிறேன். உள்ள பட்டுப்பாவாட, தோடு, தேங்கா, பழம். தாய்மாமன் சீரு. தங்கச்சி மகளுக்கு இன்னைக்குக் காதுகுத்து. ஆண்டிபட்டிக்கு முன்னாடி ஒரு விலக்குல எறங்கி உள்ள நடக்கணும், அவுக குலசாமி கோயிலு. பத்தரையிலருந்து பதினொன்னரைக்குள்ள குத்தியாகணும். தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான பிள்ளைக்குக் காது குத்துவாக? அந்த மடி இந்த மடிதான். கூடப்பொறந்தவன் நான் ஒருத்தன்.

அப்புறம் ஏன்டா தாய்மாமன் ஒத்தையில பையத் தூக்கிக்கிட்டு பஸ்ல போறான்னு நெனைக்கிறீங்க. நெனைங்க, தப்பில்ல. மொறப்படி பாத்தா வேன் வச்சு, இருபத்தோரு தட்டு எடுத்து, சொந்தபந்தம் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போகணும். என் பொண்டாட்டி கலாராணியே வரலைண்ணே. "தட்டு வச்சு அழைக்காத வீட்டுக்கு நான் வரமாட்டேன். நீங்க போங்க. வாசல்ல நிக்க வச்சாகன்னா அப்பத் தெரியும்"னுட்டா.

அவ சொல்றது நெசம். தங்கச்சியும் மாப்ளையும் நேர்ல வந்து, வெத்தல பாக்குத் தட்டக் கையில குடுத்து, "அண்ணே, நீ வந்து மடி குடுக்கணும்"னு கேக்கணும். எனக்கு வந்தது ஒரு போனு. நாகஜோதி, என் தங்கச்சி, ரெண்டே வரி பேசுனா. "காதுகுத்து வச்சிருக்கோம். வர்றதுன்னா வா." எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் செக்கானூரணியில இருக்கான். அவன் வீட்டுக்கு நேர்ல போயி தட்டு வச்சிருக்காகளாம். அப்படின்னா என்ன அர்த்தம்? மாத்து மடி தயாரா இருக்குன்னு அர்த்தம்.

எல்லாம் எதுக்குன்னா, நான் எங்க மாப்ளைய வெளிய நிக்க வச்சுக் கதவச் சாத்திட்டேன்.

ஆமாண்ணே, சாத்துனேன். மறைக்க என்ன இருக்கு. ஆனா அது வீட்டுக் கதவு இல்ல. ஒரு மலைக்குள்ள இருக்கிற கல்லுக் கதவு. அந்த மலையும் மலையில்ல, கம்ப்யூட்டர்ல. ஒரு கேமு.

சிரிங்க சிரிங்க. சிரிக்க முடியாதது, இது கேமுன்னே தெரியாத எங்க சம்மந்தியம்மாவாலதான்.

நான் மதுரையில, சிம்மக்கல் பக்கம் சின்னதா ஒரு ஆபீஸ் வச்சிருக்கேன். தங்கமாயன்னு சொன்னா தெரியும். வீட்டுக்கு பிளான் போடுறது. எங்க ஹாலு, எங்க அடுப்பு, எங்க பூஜ ரூமு. வாஸ்து பாத்துத்தான் போடுவேன். அக்னி மூலையில அடுப்பு இல்லாம இந்தக் கை கோடு இழுக்காது. எங்க மாப்ள அழகர்ராஜா போர்வெல் வண்டி ஓட்டுறாரு. பூமியில எந்த எடத்தப் பாத்தாலும் அவருக்கு ஒரு நெனப்புத்தான், இங்க எத்தன அடியில தண்ணி இருக்கும்னு. நான் பூமிக்கு மேல, அவரு பூமிக்குக் கீழ. எங்களுக்குள்ள பேச என்ன இருக்கு, சொல்லுங்க.

கல்யாணமாகி ஒரு வருசம் நாங்க பேசிக்கிட்டது மொத்தமே இவ்வளவுதான். "வாங்க மாப்ள." "வர்றேன் மச்சான்." "சாப்பிட்டீங்களா மாப்ள?" "சாப்பிட்டேன் மச்சான்." அவருக்கு நானு, எனக்கு அவரு, மாறி மாறி மரியாத. ஒருநா ஆண்டிபட்டியில ஒரு எடத்த அளந்துட்டு, மத்தியானம் மூணு மணிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். வயிறு காந்துது. வாசல்ல மாப்ள, "சாப்பிட்டீங்களா மச்சான்?" வாய் என்னயக் கேக்காமலே சொல்லிருச்சு, "சாப்பிட்டேன் மாப்ள." உள்ள கறிக்கொழம்பு வாசன. தண்ணி மட்டும் குடிச்சிட்டு பஸ் ஏறுனேன். இதுதான் எங்க லட்சணம்.

அப்புறம் ஒரு தீவாளிக்கு வந்திருந்தாரு. சாப்பிட்டாச்சு. டிவியும் ஓடல. நான் ஒரு மூலையில கம்ப்யூட்டரத் தொறந்து இந்தக் கேம ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு கப்பல் ஆகாசத்துல இருந்து விழுந்துரும்ணே, ஆளில்லாத ஊரு. அதுல தப்பிச்ச நாலஞ்சு பேர நாமதான் காப்பாத்தணும். வீடு கட்டணும், வெதைக்கணும், குளிருக்கு வெறகு சேக்கணும், கொள்ளக்காரன் வந்தா அடிக்கணும். மாப்ள பின்னாடி வந்து கைய கட்டிக்கிட்டு நின்னாரு. அர மணி நேரம். அப்புறம் அந்த மலையக் காட்டி, "மச்சான், இதுல தோண்டலாமா?"ன்னாரு.

அவரு வாயில இருந்து சாப்பாடு இல்லாத வார்த்த அன்னைக்குத்தான் கேட்டேன்.

"தோண்டலாம் மாப்ள. மலைக்குள்ளயே கூட குடியிருக்கலாம்."

மறுவாரம் அவரும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிட்டாரு. ஒரே மலை, ரெண்டு பேரும் சேந்து. சாயங்காலம் ஏழு மணிக்கு அவரு வண்டிய நிப்பாட்டிட்டு வந்து உக்காருவாரு, நான் ஆபீஸ்ல இருந்து. போன ஸ்பீக்கர்ல போட்டுக்குவோம். ஆளுங்களுக்குப் பேரு வச்சோம். ஒன்னு நானு, ஒன்னு அவரு, ஒன்னு நாகஜோதி, ஒன்னு கலாராணி. ஒன்னு சம்மந்தியம்மா, அவரோட அம்மா. தங்கச்சி மக தன்ஷிகா அப்பக் கைப்பிள்ள, அதனால ஒரு ஆட்டுக்குட்டிக்கு அவ பேரு. தங்கச்சி அதுக்கே ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா.

இப்ப விசயத்துக்கு வர்றேன். மலைக்குள்ள குடியிருக்கிறதுல சொகமும் இருக்கு, வெனயும் இருக்கு. மேல இருந்து எவனும் குண்டு போட முடியாது. குளிரு வராது. ஆனா தோண்டிக்கிட்டே போனா அடியில இருக்கிற பூச்சி முழிச்சுக்கும், ஒவ்வொன்னும் எரும சைஸ். அடுப்புச் சூடு வெளிய போக வழியில்லாம உள்ளயே நிக்கும். நெறைய நாளு ஆகாசத்தப் பாக்கலேன்னா ஆளுங்க மொகம் வாடிப்போயி, வேல செய்ய மாட்டேன்னு சுருண்டு படுத்துக்குவாங்க. அப்புறம் மெயினான விசயம், கூரை. தரையெல்லாம் கட்டம் கட்டமா இருக்கும். ஆறு கட்டத்துக்கு ஒரு தூணு விடணும். விடலேன்னா மேல இருக்கிற மலை எறங்கி மடியில உக்காந்துக்கும். எவ்வளவு தோண்டணும், எங்க நிறுத்தணும், அதான் அந்தக் கேமே. தோண்டுறதுக்கும் தாங்குறதுக்கும் கணக்கு நிக்கணும்.

எங்க மாப்ளைக்கு நிறுத்துறதுன்னா என்னன்னே தெரியாது. போர்வெல்காரரு. நூறு அடியில வரலேன்னா எரநூறு, எரநூறுல வரலேன்னா முந்நூறு. "ஒரு சாப்பாட்டு மண்டபம் தோண்டுறேன் மச்சான், ஆளுங்க மொகம் தெளியும்"னாரு. பெரிய எடமா இருந்தா உள்ள இருக்கிறவங்களுக்கு மனசு லேசாகும், கேம்ல அப்படி ஒரு கணக்கு. சரின்னேன். தோண்டுனாரு பாருங்க, இருவது கட்டத்துக்கு இருவது கட்டம். நடுவுல ஒரு தூணு இல்ல. எங்க ஊரு கல்யாண மண்டபத்துலயே பன்னெண்டு தூணு நிக்குது, எங்க மாப்ள மலைக்கடியில ஒத்தத் தூணு இல்லாம மண்டபம் கட்டுறாரு.

சொல்லிருக்கலாம்ல? நீங்களும் அதான கேக்குறீங்க. எப்படிண்ணே சொல்றது? வீட்டு மாப்ள. பொண்ணக் குடுத்த எடம் நாம. "மாப்ள, உங்களுக்குத் தெரியல, தூணு வைக்கணும்"னு நான் சொன்னா, நாளைக்கு என் தங்கச்சிய அந்த வீட்டுல எப்படிப் பாப்பாக? இது கேமுதானேன்னு நீங்க சொல்லுவீங்க. மாப்ள கேம்லயும் மாப்ளதான்.

அதனால நான் ஒரு வேல செஞ்சேன். அவரு ஒம்போது மணிக்கு சாப்பிட எந்திரிச்சதும், நான் பத்து நிமிசம் கூட இருந்து சத்தமில்லாம நாலு தூணு வச்சுட்டுப் போவேன். மறுநாள் வந்து பாத்தா தூணக் காணோம். சரி, வைக்கும்போது தப்பா அமுக்கிட்டேன் போலன்னு மறுபடி நாலு வச்சேன். அதுவும் மறுநாள் இல்ல. இப்படியே ரெண்டு மாசம். நான் வைக்கிறேன், அது காணாமப் போகுது. நான் வைக்கிறேன், காணாமப் போகுது. கேம்ல ஏதோ கோளாறுன்னு கம்பெனிக்கு மெயிலு வேற போட்டேன், வெக்கமில்லாம.

பின்னாடிதான் தங்கச்சி பேச்சுவாக்குல சொல்லித் தெரிஞ்சுது. காலையில வேலைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி மாப்ள ஒரு அர மணி நேரம் வருவாராம். வந்து பாத்தா மண்டபத்து நடுவுல கல்லு. "மச்சான் சரியா தோண்டாம விட்டுட்டாரு, அவருகிட்டச் சொன்னா மனசு சங்கடப்படும்"னு அவரே வெட்டி எடுத்துட்டுப் போயிருவாராம். அவரும் சத்தமில்லாம. ரெண்டு மாசம். தெனமும் ஏழு மணிக்குப் பேசிக்கிட்டுத்தான இருந்தோம்? ஒருத்தருக்கு ஒருத்தரு வாயத் தொறந்து, "அந்தத் தூணு..."ன்னு கேக்கல. நல்ல குடும்பம்ணே நாங்க.

அதே மாதிரி என் அடுப்பு. நான் தென்கிழக்கு மூலையிலதான் வச்சேன், வேற எங்க வைப்பேன்? பக்கத்துலயே தானியக் கெடங்கு. அடுப்புச் சூடு உள்ளயே நின்னு கெடங்கு மொத்தமும் கெட்டுப் போகுது. ஆளுங்க பச்சையாத் தின்னு வாந்தி எடுக்குறாங்க. சம்மந்தியம்மா, அதாவது அந்த ஆளு, மூணு தடவ மயங்கி விழுந்துருச்சு. ஆறு மாசம் இது நடக்குது. மாப்ள ஒரு நாளாவது, "மச்சான், அடுப்ப மாத்துங்க"ன்னு சொல்லணுமே. "பரவால்ல மச்சான், இன்னொரு தடவ வெதச்சுக்கலாம்"பாரு. நானும், வாஸ்து சரியாத்தான இருக்கு, அப்புறம் ஏன் கெடுதுன்னு வடக்க பாத்து ஒரு சாமி மாடம் வேற கட்டுனேன்.

உசிலம்பட்டி வந்துருச்சா? டீக்கு எறங்குறீங்களா? இல்லையா. நானும் எறங்கல.

அன்னைக்கு, போன வருசம் ஆடியில, ஏழே காலு இருக்கும். மண்டபத்துல எல்லாரும் சாப்பிட உக்காந்திருந்தாங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன், ஸ்கிரீனு ஒரு ஆட்டம் ஆடுச்சு. அவ்வளவுதான், மண்டபம் பாதி எறங்கிருச்சு. என் ஆளு அடியில மாட்டிக்கிட்டான். சம்மந்தியம்மாவும் மாட்டிக்கிட்டாக. அதோட பூச்சி முழிச்சுக்கிச்சு. பத்துப் பன்னெண்டு, பின்பக்கத்து சந்து வழியா வருது. மத்த ஆளுங்கள நான் உள் ரூமுக்கு இழுத்துட்டேன். அதுக்குத்தான் கல்லுக் கதவு. மாப்ளையோட ஆளு மட்டும் மண்டபத்துலயே நின்னு கல்லப் பொரட்டுறான். என் ஆளத் தோண்டி எடுத்து, தோள்ல போட்டுக் கொண்டாந்து கதவுக்கு உள்ள வச்சுட்டு, மறுபடி அவுக அம்மாவத் தூக்கத் திரும்பி ஓடுறாரு. பூச்சி இங்கிட்டு வந்துருச்சு. நான் என்ன பண்ணுவேன்? உள்ள மூணு பேரு இருக்காங்க, என் தங்கச்சி இருக்கா, ஆட்டுக்குட்டி இருக்கு. கதவச் சாத்துனேன்.

போன்ல அவரு, "மச்சான், கதவத் தொறங்க"ன்னாரு.

"பூச்சி நிக்குது மாப்ள. ஒரு நிமிசம் பொறுங்க."

"தொறங்க மச்சான்."

"தொறந்தா எல்லாரும் போயிருவோம் மாப்ள."

அவரு மறுபடி தொறங்கன்னு சொல்லல. படபடப்புல வாய் என்னயக் கேக்கல. "எல்லாம் உங்களாலதான். நான் வச்ச தூணையெல்லாம் எவன் புடுங்குனது?"ன்னுட்டேன்.

எவன்னு சொல்லிட்டேன்ணே. மாப்ளைய. யாருன்னு கேட்டிருக்கலாம். நாக்குல அந்த நேரம் அதுதான் வந்துச்சு.

ஏழு நிமிசம் வெளிய நின்னாரு. ஒத்த ஆளா அஞ்சு பூச்சிய அடிச்சாரு. அப்புறம் விழுந்துட்டாரு. அவுக அம்மாவும் போயிட்டாக. பூச்சி கலைஞ்சதும் நான் கதவத் தொறந்தேன். வாசப்படியிலயே கெடந்தாரு. போன்ல, "சரிங்க மச்சான்"னு சொல்லி வச்சுட்டாரு. சாப்பிட்டீங்களான்னு கேக்கல.

மறுநாள் போன் பண்ணி ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும்னு சொல்லுவீங்க. நாந்தான பெரியவன், அவரு பண்ணட்டும்னு இருந்தேன். அவரு, நாந்தான மாப்ள, அவுக பண்ணட்டும்னு இருந்திருப்பாரு. இதுக்கு நடுவுல, மாப்ள சோறு தண்ணி எறங்காம உக்காந்திருக்கிறதப் பாத்துட்டு சம்மந்தியம்மா கேட்டிருக்காக. இவரு, "மச்சான் என்னய வெளிய விட்டுக் கதவச் சாத்திட்டாரு"ன்னு ஒத்த வரி சொல்லிருக்காரு. கம்ப்யூட்டர்ல, மலையில, பூச்சியிலன்னு சொல்லணுமில்ல? சொல்லல. ஒரு வாரத்துல ஊருக்கே தெரியும், சிம்மக்கல் தங்கமாயன் வீடு தேடி வந்த மாப்ளைய வாசல்ல நிக்க வச்சுக் கதவச் சாத்திட்டான். எங்க பங்காளி ஒருத்தரு ஆபீசுக்கே வந்து, "மழையில வேற நின்னாராமேப்பா"ன்னு கேக்குறாரு. மழை எங்கருந்து வந்துச்சுன்னே தெரியலைண்ணே.

நான் போயி எங்க சம்மந்தியம்மாகிட்ட, "அது கேமு, நீங்களும் அதுல செத்துட்டீங்க"ன்னு சொல்ல முடியுமா?

பதினாலு மாசம் ஆச்சு. பேச்சு கெடையாது. தங்கச்சி பொங்கலுக்கு வரல. தன்ஷிகாவுக்கு இப்ப மூணு வயசு, நல்லா பேசுதாம். நான் போட்டோவுலதான் பாக்குறேன். என்னய யாருன்னு கேட்டா அதுக்குச் சொல்லத் தெரியுமோ தெரியாதோ. மடியில உக்கார வச்சா அழும்ணே. வலியில அழுறது வேற, ஆளு தெரியாம அழுறது வேற. அத நெனச்சாத்தான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.

நேத்து சாயங்காலம் ஆபீஸ்ல சும்மா உக்காந்திருந்தேன். அந்தக் கேமத் தொறந்து பாக்கலாமேன்னு தோணுச்சு. பதினாலு மாசமா நான் தொறக்கல. எல்லாம் செத்து மண்ணா இருக்கும்னுதான் தொறந்தேன்.

உள்ள போனா எனக்கே வழி தெரியலைண்ணே. மண்டபத்த மறுபடி தோண்டிருக்காரு. அதே இருவதுக்கு இருவது. ஆனா ஆறு கட்டத்துக்கு ஒரு தூணு. எண்ணிப் பாத்தேன், ஒன்னு கூட விடல. மண்டபத்துல மட்டுமில்ல, சந்துல, கெடங்குல, எங்க பாத்தாலும் தூணு. தேவையில்லாத எடத்துலயும் தூணு. ஒரு கக்கூசு கட்டிருக்காரு, அதுக்கு நாலு தூணு. என்ன ஒரு குத்தல் பாருங்க. "எவன் புடுங்குனது"ன்னு நான் கேட்டதுக்குப் பதில் சொல்றாராம். பத்து வச்சா போதாதா? நூத்துக்கு மேல இருக்கும்.

அடுப்பு அதே தென்கிழக்கு மூலையிலதான் இருக்கு. அத அசைக்கல. அசைச்சா நான் ஏதாவது சொல்லுவேன்னு இருந்திருக்கும். ஆனா அடுப்புக்கு நேர் மேல, மலை உச்சி வரைக்கும் ஒரே குழி. போர் போட்ட மாதிரி. சூடு மொத்தமும் அது வழியா வெளிய போயிருது. கெடங்க மட்டும் வடமேற்குக்கு மாத்திட்டாரு. வடமேற்குல தானியம் வைக்கலாம், வாஸ்துப்படி அதுவும் சரிதான். எனக்கே பாடம் எடுக்குறாரு. ஒரு தானியம் கெடல, முப்பது மூட்ட இருக்கு.

அப்புறம் கல்லுக் கதவு. அத இருந்த எடம் தெரியாம பேத்து எடுத்துட்டாரு. வெறும் தொறப்புத்தான் இருக்கு. எவ்வளவு கோவம் இருந்தா நான் கட்டுன கதவையே பேப்பாரு?

என் ஆளா? இருக்கான். அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்ணே. அவரு ஆளு செத்துட்டான், புதுசா ஒருத்தன வச்சு வேல பாத்துக்கிட்டு இருக்காரு. என் ஆளு உயிரோட இருக்கான், ஆனா அவனுக்கு ஒரு வேலையும் குடுக்கல. நான் ஒன்னுக்கும் ஆகாதவன்னு முடிவு பண்ணிட்டாரு. ஒரு தனி ரூமு குடுத்து அதுல உக்கார வச்சிருக்காரு. மலைக்குள்ளயே அந்த ஒரு ரூமுக்குத்தான் கூரை இல்ல. மேல தொறந்து கெடக்கு. ஆகாசம் தெரியுது. மழை பேஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சிருக்க வேண்டாமா?

ஆமா, ஆகாசம் பாத்தாத்தான் மொகம் வாடாது. நாந்தான் சொன்னேன். ஆமா.

இல்லண்ணே, நீங்க அவரப் பாத்ததில்ல. அழுத்தக்காரரு.

சாப்பாடா? நம்ம இல்லாதப்ப நம்ம ஆளு தானா எந்திரிச்சுச் சாப்பிட மாட்டான். இன்னொருத்தரு வந்து தட்டக் கொண்டு போயி வைக்கணும். வைக்கலேன்னா பத்து நாளுல போயிருவான். இப்ப வயிறு நூத்துக்கு நூறு காட்டுது. கடைசியா எப்ப சாப்பிட்டான்னு கூட அதுல போட்டிருக்கும். நேத்து சாயங்காலம் ஏழு பத்துன்னு போட்டிருந்துச்சு. நான் தொறந்தது ஏழரைக்கு.

என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க.

பதினாலு மாசம்னா எத்தன வேள சோறுன்னு கேக்குறீங்க. நான் எண்ணல. எண்ணவும் வேணாம், விடுங்க.

ஒன்னு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. அந்த முறுக்குல ஒன்னு குடுங்க. காலையில இருந்து ஒன்னும் சாப்பிடல. கலாராணி கோவத்துல அடுப்பே பத்த வைக்கல. உங்ககிட்டச் சாப்பிட்டேன்னு சொன்னது பொய். யாரு கேட்டாலும் அப்படித்தான் வருது.

தங்கச்சிக்குக் காலையில ஒரு மெசேஜ் போட்டேன், எட்டு மணி பஸ்ல வர்றேன்னு. பாத்துட்டா, ரெண்டு நீலக் கோடு விழுந்துருச்சு. பதில் இல்ல. மொறைன்னு ஒன்னு இருக்கில்லண்ணே, தாய்மாமன் வந்தா ரோட்டுக்கே வந்து கொட்டுமேளத்தோட கூட்டிட்டுப் போகணும். ஆளு வரலேன்னா நானே பையத் தூக்கிக்கிட்டு அந்த மண் ரோட்டுல நடந்து போயி, கோயில் வாசல்ல நின்னு, சித்தப்பா மகன் மடியில பிள்ள உக்காந்திருக்கிறதப் பாத்துட்டு, மொய் எழுதிட்டு வரணும். அப்படித்தான் இருக்கும். நான் தயாராத்தான் வந்திருக்கேன். திரும்பி வர்ற பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கூடக் கேட்டு வச்சிருக்கேன்.

கண்டக்டரே, விலக்கு வந்தா சொல்லுங்க.

அந்தா, அந்தப் புளியமரத்துக்கிட்டதான். ஒரு நிமிசம், கொஞ்சம் தள்ளுங்கண்ணே. சன்னல் வழியாப் பாத்துக்கிறேன். யாரோ நிக்கிறாக. நாலஞ்சு பேரு. கொட்டுக்காரங்க மரத்தடியில உக்காந்திருக்காங்க. ஒருத்தரு மட்டும் வெயில்ல நிக்கிறாரு, தோள்ல ஒரு பிள்ள. வேட்டி வேர்வையில ஒட்டிக் கெடக்கு. இதுக்கு முன்னாடி ரெண்டு பஸ்ஸு போயிருக்கும், ரெண்டையும் எட்டிப் பாத்திருப்பாரு. எவ்வளவு நேரமா நிக்கிறாரோ. அவரு அப்படித்தான்ணே, நெழல்ல நிக்கச் சொன்னாக் கூட நிக்க மாட்டாரு.

ஏழு நிமிசம் இல்ல, ரொம்ப நேரமா நிக்கிறாரு. பாத்தாலே தெரியுது.

எனக்குக் கண்ணுல தூசி விழுகல, முறுக்கு பொர ஏறுனதும் இல்ல. அழுகதான் வருது, வரட்டும். சீட்டுல வச்சுட்டு எந்திரிச்சேன்ல, அந்தப் பைய எடுத்துக் குடுங்கண்ணே. தேங்கா கீழ உருண்டுருச்சா பாருங்க. அது இருக்கட்டும், நீங்களே வச்சுக்கங்க, அங்க நூறு தேங்கா இருக்கும்.

எறங்குனதும் என்ன கேப்பாருன்னு எனக்குத் தெரியும். கதவு, தூணு, பூச்சி எதையும் கேக்க மாட்டாரு. "சாப்பிட்டீங்களா மச்சான்?"னு கேப்பாரு. இந்தத் தடவ சாப்பிடலேன்னு சொல்லிரணும்.